பேடி ரோடு

மலைமேல் ஏலப்பாறையில் நான் பிறந்து வளர்ந்த தேயிலை எஸ்டேட்டில் யாரிடமும் சைக்கிள் இருந்ததில்லை. ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு போக வேண்டும், இறக்கத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போக வேண்டும். அதற்குப் பேசாமல் நடந்தே போய்விடலாம். கல்யாணமாகி பாலக்காட்டுக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய இந்தச் சிறு நகரத்துக்கு வந்து, இரண்டு பிள்ளை பெற்ற பிறகுதான் சைக்கிள் ஓட்டப் பழகினேன். இங்கே தரை சமம். எதிர்ப்பது காற்று மட்டும்தான். மார்கழி பிறந்தால் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து வரும் காற்று பனைமரங்களை இரவும் பகலும் உலுக்கும். அதை எதிர்த்து மிதித்தால் நின்ற இடத்திலேயே மிதிப்பது போலிருக்கும்.

தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் மருந்துக்கடைக் கவுண்டரில் எனக்கு வேலை. அதே ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்தவள்தான் அக்கா. என்னைவிடச் சில வயது மூத்தவள், அதனால் அக்கா, மற்றபடி சேக்காளிதான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் நிறுத்தும் இடத்தில் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்து எனக்குச் சைக்கிள் பழக்கியவள் அவள். நான் விழும்போதெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவளும் அவள்தான். பிறகு தினமும் ஒன்றாகவே வேலைக்குப் போனோம். அவள் முன்னால், நான் பின்னால். மெயின் ரோட்டில் ஓரத்து வெள்ளைக் கோட்டின் மேலேயே அக்கா ஒரே நேராகப் போவாள். பின்னால் பஸ் வந்து ஹாரனை அமுக்கிப் பிடித்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டாள்.

"அவன் கத்தட்டும் கண்ணு. ஏத்தீட்டான்னா கேசு அவனுக்குத்தான்" என்பாள்.

ஆஸ்பத்திரி முதலாளி எலும்பு டாக்டர். ஐம்பது தாண்டியும் ஒல்லியாக, விறைப்பாக இருப்பார். அவருக்கும் சைக்கிள் உண்டு. அது ஒற்றை விரலால் தூக்கிவிடக்கூடிய சைக்கிள். உடம்போடு ஒட்டிய உடுப்பும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, அவரும் அவருடைய கிளப்பைச் சேர்ந்தவர்களும் விடியற்காலையில் மெயின் ரோட்டில் கூட்டமாகப் பறப்பார்கள். நகராட்சிக்குச் சைக்கிள் பாதைத் திட்டம் ஒன்று வந்தபோது, அதற்கான கமிட்டிக்கு அவர்தான் தலைவர்.

ஒரு நாள் கவுண்டருக்கு வந்து, "ஏம்மா, நீயும் அந்தக் கிளீனிங் அக்காவும் சாயங்காலம் முனிசிபாலிட்டி ஹாலுக்கு வந்துடுங்க. பெண்கள் சார்பா ரெண்டு பேர் வேணும். சைக்கிள்லயே வாங்க" என்றார்.

போனோம். எர்ணாகுளத்திலிருந்து வந்திருந்த திட்டக்காரர் ஒருவர் திரையில் எங்கள் ஊர் வரைபடத்தைக் காட்டினார். இளம்வயது. மலையாளத்தில்தான் பேசினார், ஆனால் எங்களுக்காக நிறுத்தி நிதானமாகப் பேசினார். சைக்கிள் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை என்றார். வேகமாகப் போகிறவர்கள் ஒரு வகை. வேலைக்குப் போகிற ஆண்கள் ஒரு வகை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு வகை. கடைசி வகை, வண்டிகளைக் கண்டால் பயப்படுகிறவர்கள், அதாவது பெண்களும் வயதானவர்களும். அந்தக் கடைசி வகையைச் சொல்லும்போது எங்கள் பக்கம் கையைக் காட்டி, "பேடி உள்ளவர்" என்றார்.

மலையாளத்தில் பேடி என்றால் பயம். தமிழில் அது ஆம்பளைகளை ஏசுகிற சொல். இரண்டு மொழியும் தெரிந்த ஊர் என்பதால் ஹாலில் பின்வரிசையில் உடனே சிரிப்பு எழுந்தது. அவருக்கு ஏன் என்று புரியவில்லை. பாவம், தானும் சிரித்து வைத்தார்.

எல்லா வகைக்கும் ஒரே பாதை சரிவராது என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். வேகமாகப் போகிறவர்களுக்கு மெயின் ரோட்டோரம் சிவப்புப் பாதை. பிள்ளைகளுக்கும் எங்களுக்கும், வயலுக்குத் தண்ணீர் போகும் கனாலின் கரை வழியாக நீலப் பாதை. வரைபடத்தில் நீலக்கோடு வயல்களுக்கு நடுவே வளைந்து வளைந்து அழகாகத்தான் போனது. ஆனால் அந்தக் கரையை எனக்குத் தெரியும். நான் எழுந்து கேட்டேன்.

"சார், அங்கிட்டுக் கள்ளுக்கடை இருக்கே. பொம்பளைங்க எப்படிப் போறது?"

திட்டக்காரர் வரைபடத்தைக் குனிந்து பார்த்தார். "கடையோட முன்வாசல் ரோட்டுப் பக்கமாணு சேச்சி. கனால் பக்கம் பின்புறம் மாத்ரம்."

டாக்டர் மைக்கை வாங்கினார். "களைச்சுப் போனா ஒரு கிளாஸ் குடிச்சிட்டுப் போகலாமே, அதுக்கும் வசதிதானே" என்றார். ஹால் முழுக்கச் சிரித்தது. அக்காவும் சிரித்தாள். நான் உட்கார்ந்துவிட்டேன்.

வெளியே எங்கள் இருவருக்கும் ஹெல்மெட் மாட்டிப் படம் எடுத்தார்கள். என் படம் சரியாக வரவில்லை. அக்காவின் படம் நன்றாக வந்துவிட்டது. கொஞ்ச நாளில் கனால் கரையில் தார் போட்டு நீலம் அடித்தபோது, பாதை தொடங்கும் இடத்தில் ஆளுயரப் பலகை ஒன்று நட்டார்கள். அதில் அக்கா ஹெல்மெட்டோடு பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. மகளுக்குப் படம் பிடித்து அனுப்பச் சொன்னாள்.

"நமக்குன்னு ஒரு ரோடு போட்டிருக்காங்க கண்ணு. இந்த ஊர்ல நம்மளாட்ட ஆளுகளுக்கு ஆராச்சும் எதையாச்சும் போட்டிருக்காங்களா, சொல்லு?"

 அவளுடைய சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஊர் அந்தப் பாதைக்குப் பேடி ரோடு என்று பெயர் வைத்தது. யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியாது. ஹாலில் பின்வரிசையில் இருந்தவர்களாக இருக்கும். பெயர் வந்த பிறகு மெயின் ரோட்டில் எங்களுக்கு இருந்த இடமும் போனது. அதுவரை எங்களைக் கண்டுகொள்ளாதவர்கள் எல்லாம் விரட்ட ஆரம்பித்தார்கள். ஆட்டோக்காரர்கள் தலையை வெளியே நீட்டி, "சேச்சி, பேடி ரோடு அங்க இருக்கு" என்றார்கள். பஸ் கண்டக்டர் ஒருவர் போகிற போக்கில் அக்காவின் தலைக்குப் பக்கத்தில் பஸ் தகரத்தை ஓங்கி அறைந்தார். சிவப்புப் பாதையில் ஏறிப் போனால் பின்னால் கிளப் ஆட்கள் மணியடித்து, "மாறு, மாறு" என்று ஒதுங்கச் சொல்லிக் கத்தினார்கள். ஒரு காலையில் டாக்டரே எங்கள் பக்கத்தில் வேகத்தைக் குறைத்து வந்தார். மூச்சு வாங்கவே இல்லை.

"பலகையில சிரிக்கறது நீங்கதானே? நீங்களே இங்க வந்தா ஜனங்க என்ன நினைப்பாங்க?" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து நாங்கள் கனால் கரையில் போனோம். அது சுற்று வழி. திறந்த வயல்வெளி, காற்றுக்குத் தடுப்பே கிடையாது. கள்ளுக்கடையின் பின்பக்கம் கரையை ஒட்டியே இருந்தது. கப்பைக்கிழங்குத் தோலும் மீன் முள்ளும் அங்கேதான் கொட்டுவார்கள். அதற்கு நாய்கள் கூடும். காலையில் கடை திறந்திருக்காது. மத்தியானம் திரும்பும்போது, பின்பக்கத் திண்டில் ஆண்கள் வரிசையாகக் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பார்கள். என்ன சொல்வார்கள் என்று இங்கே எழுதப் போவதில்லை. இரண்டு பேராகப் போனதால் சமாளித்தோம். அக்கா சத்தமாக எதையாவது பேசிக்கொண்டே போவாள், அவர்கள் குரல் எனக்குக் கேட்காதபடி.

மருந்துக்கடையை இரவு வரைக்கும் திறந்து வைப்பதென்று முடிவானபோது என்னை மத்தியான ஷிப்டுக்கு மாற்றினார்கள். அக்கா தனியாகப் போய் வர வேண்டியதாயிற்று. "பஸ்ல வாக்கா" என்றேன். பஸ் நிறுத்தத்திலிருந்து அவள் காலனிக்கு நடக்கிற தூரத்துக்குச் சைக்கிளே மேல் என்றாள்.

தை மாதத்தில் ஒரு மத்தியானம். ஷிப்ட் மாறி நான் கவுண்டருக்கு வந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். நர்சுகள் இரண்டு மூன்று பேர் ஒரு போனைச் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். என் போனுக்கும் அது வந்தது. ஊர்க்காரர்கள் குரூப்பில் யாரோ போட்டிருந்தார்கள். நீலப் பாதையில் ஒரு பெண் சைக்கிளில் வருகிறாள். அவளுக்கு முன்னால் எதுவோ வந்து விழுகிறது. நாய்கள் பாய்கின்றன. சைக்கிள் ஆடி, அவள் கனாலுக்குள் தலைகுப்புறப் போகிறாள். சேலை மேலே மிதக்கிறது. ஆண்கள் சிரிக்கிற சத்தம். அவ்வளவுதான், நிமிஷம்கூட இல்லை. கொஞ்ச நேரத்தில் அதே படம் ஒரு குத்துப்பாட்டைச் சேர்த்து மறுபடி வந்தது. "பேடி ரோடு ஸ்விம்மிங் பூல்" என்று எழுதியிருந்தது.

ஹெல்மெட்டில் முகம் தெரியவில்லை. சேலையின் பச்சைக்கரையைப் பார்த்துத்தான் எனக்கு அடையாளம் தெரிந்தது. எங்கள் ஆஸ்பத்திரித் துப்புரவுப் பெண்களின் யூனிபாரம் அது. நர்சுகளைக் கூப்பிட்டுச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. சிரிப்பு இன்னும் முகத்தில் ஒட்டியிருக்க, அவர்களே ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

அக்காவுக்கு வலது முழங்கை நொறுங்கியிருந்தது. இடுப்பிலும் அடி. சேறு படிந்த முடியோடு கிடந்தவளிடம் என்ன நடந்தது என்று கேட்டேன்.

"மீன் தலையைத் தூக்கி என்ற முன்னால எறிஞ்சாங்க கண்ணு. வெளாட்டுக்குத்தான். நாய் பூராவும் அதுக்குப் பாஞ்சுது, சக்கரத்துக்குள்ளயே வந்திருச்சு."

"பெறவு?"

"பொறவென்ன. தண்ணிக்குள்ள கெடந்தேன். கையை ஊனி எந்திரிக்கலாம்னு பாத்தா, கை என்னோட கையாட்டவே இல்லை."

"தூக்கிவிட ஒருத்தரும் எறங்கலியா?"

"எறங்குனாங்க. சிரிச்சு முடிச்சுட்டு எறங்குனாங்க."

போலீசில் எழுதிக் கொடுத்தோம். படத்தில் எறிந்தவன் முகம் இல்லையே என்றார்கள். நாய்க்குத்தானே போட்டிருக்கிறான், ஆள் மேலே எறியவில்லையே என்றும் கேட்டார்கள்.

ஆபரேஷனை டாக்டரே செய்தார். மறுநாள் வார்டுக்கு வந்தவர் கையில் அந்த ஹெல்மெட் இருந்தது. அதைக் கட்டிலில் அக்காவின் மடியில் வைத்தார்.

"பாத்தீங்களா, இது இருந்ததாலதான் தலை தப்பிச்சுது. இதை ஜனங்களுக்குச் சொல்லணும். கொஞ்சம் சிரிங்க."

கூட வந்தவர் போனை நீட்டிப் படம் எடுத்தார். மருந்து மயக்கம் தெளியாமல் இருந்த அக்கா, டாக்டர் சொன்னதும் சிரித்தாள். அவர் சொன்னால் சிரித்துப் பழக்கம். அந்தப் படம் கிளப்பின் பக்கத்தில் வந்தது. ஹெல்மெட் உயிர் காக்கும் என்று எழுதி, கீழே நிறையப் பேர் கைதட்டியிருந்தார்கள்.

முழங்கை கூடியது, ஆனால் மடங்கவில்லை. மடங்காத கையால் தரை துடைக்க முடியாது. அவள் இடத்துக்கு வேறொரு பெண் வந்து, அதே பச்சைக்கரைச் சேலையைக் கட்டிக்கொண்டாள். யாரும் அக்காவைப் போகச் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

திட்டம் எப்படி நடக்கிறது என்று பார்க்க மறுபடி ஒரு கூட்டம் போட்டார்கள். இந்த முறை என்னை யாரும் கூப்பிடவில்லை. நானாகவே போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். சிவப்புப் பாதையைப் பற்றி ஒவ்வொருவரும் புகழ்ந்து முடித்த பிறகு எழுந்து, நடந்ததைச் சொன்னேன்.  நான் பேசும்போதே யாரோ அந்தக் குத்துப்பாட்டை முணுமுணுத்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

டாக்டர் கடைசி வரை பொறுமையாகக் கேட்டார். "வருத்தமான விஷயம்தான். ஆனா நாய்ப் பிரச்சினை வேற, பாதை வேற. பாதையில ஒரு குழி உண்டா? இல்லை." பிறகு மற்றவர்களைப் பார்த்துச் சொன்னார்: "ரோடு போட்டுக் கொடுக்கலாம். பேடியை நாம எப்படி எடுக்கறது?"

நிறையப் பேர் சிரித்தார்கள். அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

வெளியே சைக்கிளை எடுக்கும்போது திட்டக்காரர் பின்னாலேயே வந்தார். 

"சேச்சி, முதல்ல நான் வரைஞ்சது இது இல்லை. மெயின் ரோட்டிலதான், ஒரே பாதை, எல்லார்க்கும் போகிற மாதிரி அகலமா வரைஞ்சேன். மெதுவாப் போறவங்க நடுவில வந்தா வேகமாப் போறவங்களுக்குப் பிராக்டிஸ் நடக்காதுன்னு மாத்தச் சொன்னாங்க."

"ஆரு சொன்னது?"

ஹாலுக்குள் டீ குடித்துக்கொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்தார். 

"இதை உள்ள வச்சுச் சொல்லியிருக்கலாமே சார்."

"அடுத்த டவுன் வேலையும் எனக்கு இவங்க மூலமாத்தான் கிடைக்கணும்" என்றார். மன்னிப்புக் கேட்கிற மாதிரி என் சைக்கிள் ஹேண்டில்பாரைத் தொட்டார். நான் கையைத் தட்டிவிட்டேன். 

மறுநாளிலிருந்து நான் சிவப்புப் பாதையில் போனேன், ஓரமாக இல்லை, நட்டநடுவில். பின்னால் மணியடித்தால் ஒதுங்கவில்லை. கத்தினால் இன்னும் மெதுவாக மிதித்தேன். ஒருநாள் கிளப் ஆள் ஒருவர் என்னைத் தாண்டும்போது காறித் துப்பினார். எச்சில் என் தோளில் விழுந்தது. துடைத்துக்கொண்டு போனேன். அந்த வாரத்திலேயே ஆஸ்பத்திரி மேனேஜர் கூப்பிட்டு, கவுண்டருக்கு வேறு ஆள் போடுவதாகச் சொன்னார். காரணம் கேட்டேன். "உனக்கே தெரியுமே" என்றார். இப்போது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வேறொரு மருந்துக்கடையில் இருக்கிறேன். சிவப்புப் பாதையில்தான் இன்றும் போகிறேன். பாதியை இப்போது கடைக்காரர்களின் கார்கள் அடைத்துக்கொண்டுவிட்டன. கிளப் ஆட்கள் பைபாசுக்குப் போய்விட்டார்கள்.

அக்காவைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். அவளுக்குப் புருஷன் இல்லை. மகளைப் பொள்ளாச்சிப் பக்கம் கட்டிக் கொடுத்தாயிற்று. அடுத்த வீட்டில் இருக்கும் தம்பிதான் பார்த்துக்கொண்டான். விழுந்த அன்றைக்குச் சேதி கேட்டதும் ஆஸ்பத்திரிக்கு அழுதுகொண்டே ஓடி வந்தவன் அவன். கூலி வேலைக்குப் போகிறவன், பெண்டாட்டி கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டில் இருந்தாள். வீட்டில் தானே சோறாக்கி, வேளாவேளைக்கு அக்காவுக்குக் கொண்டுவந்து கொடுத்தான்.

ஒரு ஞாயிறு மத்தியானம் அக்கா திடீரென்று கேட்டாள்.

"அந்தப் படம் உன்ற போன்ல இருக்குதா கண்ணு?"

"அது எதுக்குக்கா இப்ப?"

"ஊரே பாத்திருச்சு. நானு இன்னும் பாக்கல. போடு."

மறுத்துப் பார்த்தேன், விடவில்லை. பாட்டு இல்லாத முதல் படத்தைப் போட்டுக் கொடுத்தேன். தான் விழுவதை, யாரோ விழுவதைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "பின் சக்கரம்தான் மொதல்ல போவுது, பாரு" என்றாள். மறுபடி போடச் சொன்னாள். மூன்றாம் தரம் போட்டபோது திரையைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, போனைக் காதோரம் வைத்துக்கொண்டாள். அந்தச் சிரிப்பு வரும் இடத்தில் அவள் முகம் மாறியதைப் பார்த்தேன்.

"இதுல ஒருத்தன் சிரிச்சு முடிக்கீல இளைப்பு வருது, கேட்டயா? சீட்டி அடிக்கறாப்புல."

கேட்டேன். பல குரல்களுக்கு அடியில் ஒரு சிரிப்பு, கடைசியில் காற்று இழுபட்டு நின்றது.

"சின்னப் புள்ளையில இருந்து அவனுக்கு அப்படித்தான். சிரிச்சா இளைக்கும். நெஞ்சுல தைலம் தேச்சுவுட்டவ நானு."

தம்பியைத்தான் சொல்கிறாள் என்று எனக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. 

"எறிஞ்சது அவனான்னு தெரீல" என்றாள் அக்கா. "ஹெல்மெட்டுல மூஞ்சி தெரிஞ்சிருக்காது. பேடி ரோட்டுல ஆரோ ஒருத்தி போறாள்னு நெனச்சிருப்பான். தூக்கிவுட எறங்குன ஆளுகள்ல அவன் இல்லை."

"கேளுக்கா அவங்கிட்ட. கேக்காம விடாதே."

அவள் போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.

அப்போதுதான் தம்பி சோற்றுத் தூக்குப்போசியோடு உள்ளே வந்தான். என்னைப் பார்த்து, "வாங்க, சாப்புட்டீங்களா?" என்றான். கை கழுவிவிட்டு, தட்டில் சோற்றைக் கொட்டிப் பிசைந்தான். அக்காவின் வலது கை வாய்க்கு எட்டாது. இடது கையால் உண்ண அவளுக்கு மனம் ஒப்பாது. அதனால் அவன்தான் ஊட்டுவான். உருண்டை பிடித்து நீட்டினான். அக்கா அவன் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"நீ தின்னயா சாமி?"

"நீ தின்னுக்கா மொதல்ல."

அவள் வாயைத் திறந்தாள். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு, அவன் இல்லாத நேரம் பார்த்து, கேட்டுவிட்டாயா என்று கேட்டேன்.

"கேட்டா அவன் அழுவான். அழுதுட்டு இந்தப் பக்கமே வரமாட்டான்" என்றாள். "அப்பறம் எனக்குச் சோறு ஊட்ட நீ வருவயா தெனமும்?"

வருகிறேன் என்று சொல்ல என்னால் முடியவில்லை. எனக்கு வேலை இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். அது அவளுக்கும் தெரியும். குத்திக்காட்டத்தான் கேட்டாள். என்னிடம் அவள் அப்படிப் பேசியது அதுவே முதல் தடவை.

சித்திரையில் மகள் வந்து அவளைப் பொள்ளாச்சிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தம்பிதான் பஸ் ஏற்றிவிட்டான்.